ஐம்பது பேருக்கு ஒரு ஸ்மோக்கர்

அவசர சிகிச்சைப் பிரிவில் விவரம் எழுதிக்கொண்டிருந்த தாதி ஒரு மலையாளிப் பெண். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"பேஷன்ட் ஸ்மோக்கரா?"

"ஓம், ஐம்பது பேருக்குக் காணும்," என்றேன் நான். "முசஃபாவில வேர்க்ஷொப்பில நிக்குது."

தாதி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சக்கர நாற்காலியில் சுருண்டிருந்த என் மகளைப் பார்த்தார். நிலானிக்குக் காய்ச்சல் முப்பத்தொன்பதைத் தாண்டியிருந்தது. பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அம்மா... நான் சிகரெட் பிடிக்கிறனா எண்டு கேக்கிறா. நோ, சிஸ்டர். நோ."

சொல்லி முடிக்கும்முன் இருமல் வந்துவிட்டது. வறட்டு இருமல். எனக்கு அன்று ஸ்மோக்கர் என்றால் இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் அடுப்பு ஒன்றுதான்; அதன் கரிப்புகை மணம் இன்னும் அவளுடைய தலைமுடியில் இருந்தது. நான் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, எந்தக் கடவுளை முதலில் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றேன்.

கறாமாவில் வீடு தேடி அலைந்த கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் பாதியில் விட்டிருந்தேன். அது காத்திருக்கட்டும். அது பழைய கதை. இது நடந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. இதை எழுதி இறக்கினால்தான் பழைய கதைக்குத் திரும்ப முடியும்.

விலா எலும்பு விருந்து

நிலானி அபுதாபியில் பிறந்து வளர்ந்தவள். கனடாவில் படிப்பு முடிந்து, அங்கேயே வேலையும் கிடைத்து, சேர்வதற்கு முன் ஒரு மாத விடுமுறையில் வந்திருந்தாள். எங்கள் கூட்டம் பெரியது. இருபது வருடமாக ஒன்றாகப் பொங்கலும் பிறந்தநாளும் கொண்டாடிய குடும்பங்கள். அவளைக் குளிப்பாட்டியவர்கள், பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டவர்கள் எல்லாம் அதில் அடக்கம். அவர்களைக் கூப்பிட்டு ஒரு விருந்து வைத்து வழியனுப்பலாம் என்று நானும் கணவரும் நினைத்தோம். பிரியாணிக்குச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

"கேட்டரிங் வேண்டாம். நான் சமைக்கிறன்," என்றாள்.

"ஐம்பது பேர் பிள்ளை."

"தெரியும். ரிப்ஸ் செய்வன்."

கனடாவில் அவளுடன் தங்கியிருந்த தோழியின் அப்பா, வீட்டுக் கொல்லையில் விலா எலும்பை மணிக்கணக்காகப் புகையில் வேகவைப்பாராம். அதைப் பழகிக்கொண்டு வந்திருந்தாள். பன்றி, மாடு என்றால் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் தொடமாட்டார்கள். ஆட்டு விலா என்று முடிவானது. ஆளுக்கு நான்கு எலும்பு என்று வைத்தாலும் இருநூறு.

எங்களுடையது பத்தாவது மாடி வீடு. பால்கனியில் நெருப்பு மூட்ட முடியாது. நகருக்கு வெளியே பனியாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் வீட்டு முற்றத்தைத் தருவதாகச் சொன்னார். பாக்கி இருந்தது ஸ்மோக்கர் மட்டும்.

அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானாக எடுத்துக்கொண்டேன். யாரும் என்னிடம் தரவில்லை.

பயப்படுகிறவள் தேர்ந்தெடுத்தால்

நான் பயப்படுகிற ஆள். என் கணவர் நான்கு வருடம் சவூதியின் யான்புவில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்தார். அங்கே அவர் சட்டைப் பையில் வாயுக் கசிவைச் சொல்லும் ஒரு சின்னக் கருவி இருக்கும். மனிதர் நிம்மதியாகத் தூங்குவார். அந்தக் கருவி கத்துமா கத்தாதா என்று அபுதாபியில் நான் விழித்திருப்பேன். ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் அவர் அனுப்ப வேண்டிய செய்தி ஒரே ஒரு அரபுச் சொல்: "கலாஸ்." முடிந்தது என்று அர்த்தம். அந்தச் சொல் வராமல் எனக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவள் கடை கடையாக ஏறினால் எப்படியிருக்கும்?

உருண்டையான கெட்டில் அடுப்பைப் பார்த்தோம். அழகாக இருந்தது. ஏழெட்டு எலும்பு சேர்ந்தது ஒரு தட்டு விலா; அதில் ஆறு தட்டுக்கு மேல் கொள்ளாது. மின்சாரத்தில் ஓடும் அலமாரி ஒன்று இருந்தது. முற்றம் முழுக்க வயரை இழுக்க வேண்டும், குழந்தைகள் தடுக்கி விழும் என்றேன். மரத்தூளை அழுத்திச் செய்த குளிகைகளைத் தானே விழுங்கித் தானே எரிந்து, இறைச்சி வெந்ததும் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் பெட்டி ஒன்றும் இருந்தது. "இந்தக் குளிகை முடிஞ்சால் எங்க வாங்கிறது?" என்று விற்பனைப் பையனைக் கேட்டேன். அவனுக்கே தெரியவில்லை. பக்கவாட்டில் நெருப்புப் பெட்டி வைத்த நீளமான இரும்பு அடுப்பில், ஒரு கோடி கருகும்போது மறுகோடி பச்சையாக இருக்குமாம். முழுநாளும் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

"அம்மா, உங்களுக்கு ஸ்மோக்கர் வேணாம். ஃபயர் பிரிகேட்தான் வேணும்," என்றாள் நிலானி.

கடைசியில் அவள்தான் சொன்னாள்: டிரம். எண்ணெய் வருகிற பெரிய இரும்பு டிரம்மின் அடியில் ஒரு கூடையில் கரி. மேலே குறுக்குக் கம்பிகள். அவற்றில் கொக்கி போட்டு விலாவைத் தொங்கவிட வேண்டும். படுக்கவைத்தால் ஆறு தட்டு பிடிக்கும் இடத்தில், தொங்கவிட்டால் இருபது தட்டு. இரண்டு ஈடு போட்டால் ஊருக்கே காணும். அடியில் மூன்று துளை. அவற்றைத் திறந்து மூடினால் சூடு கைக்குள் நிற்கும்.

அபுதாபியின் தொழிற்பேட்டையான முசஃபாவில் பழைய டிரம் விற்கிற இடத்தை அறிந்தவர்களுக்கு என் பயம் புரியும். தின்னர் வந்தது, பெயின்ட் வந்தது, பெயர் வாசிக்க முடியாத இரசாயனம் வந்தது எல்லாம் அங்கே ஒரே வரிசையில் நிற்கும். நான் டிரம் டிரம்மாகத் தலையை விட்டு மோந்து பார்த்தேன். சமையல் எண்ணெய் வந்த ஒன்றை எடுத்து, லேபிளைப் படம் பிடித்து, கடைக்காரரையே துளை போட வைத்து, உள்ளே இரண்டு முறை விறகு எரித்து, சோடா போட்டுக் கழுவி, மறுபடியும் மோந்தேன்.

அந்த டிரம்மில் ஒரு குறையும் இருக்கவில்லை.

ஜாப் கார்டு

நான் வேலை செய்வது முசஃபாவில், ஏசிக் குழாய்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில். கட்டடங்களுக்குள் குளிர்காற்றைக் கொண்டுபோகிற, டக்ட் எனப்படும் தகரக் குழாய்கள். தீப்பிடித்தால் புகையை வெளியேற்றும் குழாய்களும் செய்கிறோம். என் மேசையிலிருந்து ஜாப் கார்டு என்கிற வேலைச் சீட்டு போகாமல் வேர்க்ஷொப்பில் ஒரு ஆணிகூட அடிக்கமாட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "பேப்பர்ல இருக்கிறதுதான் வேலை" என்பது ஃபோர்மன் முதல் உதவியாள் வரை எல்லோருக்கும் நான் போதித்த பாடம்.

கரி போடும் கூடையை எங்கள் வேர்க்ஷொப்பிலேயே மிச்சத் தகட்டில் செய்துகொள்ள முதலாளி அனுமதித்தார். "ஜாப் கார்டு இல்லாமல் மட்டும் வேண்டாம்" என்றார். நானா கார்டு இல்லாமல் செய்வேன்?

வேலையின் பெயர்: ஸ்மோக்கர் பாஸ்கட். உயரம், விட்டம், துளையின் அளவு எல்லாம் மில்லிமீட்டரில் எழுதினேன். மெட்டீரியல் என்ற கட்டத்தில் எங்கள் கணினி தானாகவே ஜிஐ என்று போட்டுவிடும். பத்து வேலையில் ஒன்பது அதுதான். துருப்பிடிக்காமலிருக்க துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. வேறு வேண்டுமென்றால் நாம் மாற்ற வேண்டும்.

நான் மாற்றவில்லை.

இதில் என்ன கொடுமை என்றால், உணவகங்களின் அடுப்புக்கு மேலே போகிற குழாய்க்கு ஜிஐ போடக்கூடாது, கறுப்பு இரும்புதான் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். 'கிச்சன்' என்று ஒரு சொல் கண்ணில் பட்டால் என் விரல் தானாக அந்தக் கட்டத்துக்குப் போகும். என் மகள் சமைக்கப்போகிற அடுப்புக்கு நான் எழுதிய பெயர் ஸ்மோக்கர். எங்கள் தொழிற்சாலையில் 'ஸ்மோக்' என்றால் கார் நிறுத்துமிடத்துப் புகைக்குழாய். அதற்கு ஜிஐ. விரல் பேசாமல் இருந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கூடை தயார். செய்தவர் அறந்தாங்கிப் பக்கத்து வெல்டர் செல்வராசு. கார்டில் அவருடைய கையெழுத்து இருந்தது.

பஞ்சு பறந்தது

சனிக்கிழமை காலை, வேர்க்ஷொப்பின் பின்முற்றத்தில் வெள்ளோட்டம் பார்த்தோம். இறைச்சி இல்லாமல் ஒருமுறை எரித்துப் பழக்க வேண்டும் என்றாள் நிலானி. செல்வராசு அன்று சைட் டூட்டிக்குப் போய்விட்டிருந்தார்.

கரி பிடிக்கத் தாமதமானது. அவள் அங்கே கிடந்த கம்ப்ரஸர் குழாயை எடுத்துக் காற்றை அடித்தாள். கரி தணலாகி, கூடையும் சிவந்தது. வெள்ளைப் புகை எழுந்தது. கூடவே பஞ்சுபோல ஏதோ சின்னச் சின்னதாகப் பறந்தது. வெயிலில் பார்க்க அழகாகக்கூட இருந்தது.

"அம்மா, லுக், ஸ்னோ!" என்று குனிந்து பார்த்தாள்.

நான் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்று, "துப்பட்டாவைக் கட்டு, கையில சுடப்போகுது, தொப்பி எங்க?" என்று கத்திக்கொண்டே வீடியோ எடுத்தேன். அதைக் குடும்பக் குழுவிலும் போட்டேன். 'அபுதாபியில் பனி' என்று தலைப்பு வேறு.

மத்தியானம் வீட்டுக்கு வந்து, சோறு வேண்டாமென்று படுத்தாள். மூன்று மணிபோல எழுந்து, "வாயெல்லாம் சில்லறைக் காசு வச்ச மாதிரிக் கிடக்கு," என்றாள். நான்கு மணிக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கணவர் காரை எடுத்தார். அந்தப் பயணத்தில் எத்தனை சிக்னல் இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நான் எடுத்த போன்

மருத்துவர் பொறுமையானவர். கரி எரித்ததைச் சொன்னதும் முதலில் கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. நெஞ்சைப் படம் எடுத்தார். பெரிதாக ஒன்றுமில்லை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை வைத்தார்கள். நான் டிரம்மின் வரலாற்றை லேபிள் படத்தோடு ஒப்பித்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"டிரம்மை விடுங்கள். நெருப்பில் வேறு என்ன இருந்தது?"

கூடை.

நடைக்கூடத்துக்கு ஓடிப்போய்ச் செல்வராசுவை அழைத்தேன். எடுத்ததும் பாய்ந்தேன்.

"தம்பி, அந்தக் கூடைக்கு என்ன பூசினீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ. பெயின்ட் அடிச்சனீங்களோ?"

"ஒண்ணும் பூசலயேக்கா. ஏன், என்னாச்சு?"

"என்ர பிள்ளை ஆஸ்பத்திரியில கிடக்கிறாள்! கரி எரிச்சதுதான், வேற ஒண்டும் இல்ல!"



"கரியா? அந்தக் கூடைக்குள்ளயா? அக்கா, அது பார்க்கிங் ஃபேன்ல மாட்டுற கூடைன்னுல்ல நெனச்சேன். கார்டுல ஸ்மோக்கர், ஜிஐன்னு இருந்துச்சே. பஞ்சு பஞ்சாப் பறந்துச்சா?"

வீடியோவை அனுப்பினேன். அடுத்த நிமிடமே அவர் அழைத்தார்.

"அதேதான்க்கா. ஜிஐ மேல இருக்க பூச்சு வெந்தா வர்ற புகை. குளிர் ஜுரம் வரும், வாய் இரும்பு மாதிரி இருக்கும். வெல்டருக்கெல்லாம் வர்றதுதான். நாளைக்குக் காலையில இறங்கிடும், அழுவாதீங்க. ஆனா டாக்டர்கிட்ட ஜிஐன்னு பேரச் சொல்லிடுங்க. நீங்க சொல்லாட்டி அவருக்கு எப்புடித் தெரியும்?"

உள்ளே போய்ச் சொன்னேன். மருத்துவர் தலையாட்டினார். "வெல்டர்களின் காய்ச்சல். புத்தகத்தில் படித்ததுதான் அதிகம். அவர்கள் இங்கே வருவதில்லை," என்றார். மறுநாள் வரை வைத்துப் பார்ப்போம், பெரும்பாலும் தானாகவே போய்விடும் என்றார்.

'பெரும்பாலும்' என்ற சொல்லை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மறுநாள் காலை நிலானியின் தலையணை வியர்வையில் நனைந்திருந்தது. நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. கழுத்தைத் தொட்டேன். கையை எடுக்காமல் அப்படியே நின்றேன்.

"அம்மா, கை கூசுது. பசிக்குது. இங்க இட்லி கிடைக்குமா?"

என் கணவர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்கு வருடம் யான்புவில் கலங்காத மனிதர்.

பூ விழுந்த தகடு

வீட்டுக்கு வந்ததும் நான் ஸ்மோக்கரை விட்டெறியச் சொன்னேன். "அந்தக் கரண்ட் அலமாரியை வாங்குவம். வயர் போனாப் போகட்டும்."

"இஞ்ச பாரும், பிரியாணிக்கே சொல்லிவிடுவம்," என்றார் கணவர்.

நிலானி ஒரு வாரம் ஓய்வெடுத்தாள். பிறகு ஒரு மாலை, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்: "அம்மா, டிரம் ஒண்டும் செய்யேல்ல. நான் காத்தடிச்சது பிழை. நீங்கள் எழுதின பேப்பர் பிழை. ரெண்டையும் திருத்துவம். டிரம்மை ஏன் எறியிறியள்?"



புதிய கார்டு எழுதினேன். வேலையின் பெயர்: இறைச்சி சமைக்கும் கரி அடுப்புக் கூடை. மெட்டீரியல்: கறுப்பு இரும்பு, எந்தப் பூச்சும் இல்லாதது. கார்டை நானே வேர்க்ஷொப்புக்குக் கொண்டுபோனேன். செல்வராசு இரண்டு துண்டுத் தகடுகளை வெயிலில் பிடித்துக் காட்டினார்.

"இதப் பாருங்க. மேல பூப்பூவா மினுங்குதுல்ல, இது ஜிஐ. இதுல பூ இருக்கா? இல்ல. இது கறுப்பு இரும்பு. இனிமே கார்டே வேணாம், கண்ணாலயே கண்டுபிடிச்சிடலாம்."

"கார்டு வேணும்," என்றேன்.

"நீங்க மாறவே மாட்டீங்க," என்று சிரித்தார். பழைய கூடையை அவரே நசுக்கிக் கழிவில் போட்டார். புதியதை இரண்டு முறை எரித்துப் பார்த்தோம். பஞ்சு பறக்கவில்லை. நிலானி பத்தடி தள்ளி நின்றாள், என் கை அவளுடைய சட்டையைப் பிடித்திருந்ததால்.

இரண்டாவது ஈடு

பனியாஸ் முற்றத்தில் விருந்து நடந்த அன்று மெல்லிய குளிர். வந்தவர்கள் ஐம்பத்தாறு பேர். முதல் ஈடு மூடியைத் திறந்தபோது வந்த மணத்துக்கே குழந்தைகள் ஓடிவந்தார்கள். மிளகும் சீரகமும் எங்கள் வீட்டுக் கறித்தூளும் தடவிய விலா. எலும்பைப் பிடித்து இழுத்தால் இறைச்சி தானாகக் கழன்று வந்தது. "மெய்யே, இவளோ செய்தது?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் நான் ஆஸ்பத்திரிக் கதையை முதலிலிருந்து சொன்னேன். "அம்மா, சாப்பிட விடுங்கோ," என்று நிலானி கெஞ்சினாள்.

செல்வராசு இஸ்திரி போட்ட சட்டையில், ரூமில் கூடத் தங்கியிருக்கும் இருவரோடு வந்திருந்தார். இரண்டாவது ஈடு இறங்கியதும் நிலானி தானே அவருக்குத் தட்டு கொண்டுபோனாள்.

"அண்ணா, உங்களுக்கும் இந்தக் காய்ச்சல் வந்திருக்கா?"

"வராமயா பாப்பா? புதுசா ஜிஐ எடுத்தா வரும். பால் குடிச்சுட்டுப் போத்திப் படுத்துக்குவோம்."

"கடைசியா எப்ப வந்தது?"

அவர் எலும்பைக் கடித்துக்கொண்டே, யாரோ பக்கத்து ஊர்க்காரர் கதையைச் சொல்வதுபோலச் சொன்னார்: "அதான், உன் கூடை செஞ்ச வெள்ளிக்கிழமை ராத்திரி. குட்டித் துளையில குனிஞ்சு குனிஞ்சு வெல்டு வச்சதுல்ல. காலையில கொஞ்சம் தேவலாம்னு சைட்டுக்குப் போயிட்டேன். அக்கா போன் அடிச்சப்பவும் உடம்பு நடுக்கமாத்தான் இருந்துச்சு."

நிலானி என்னைப் பார்த்தாள்.

உண்மையைச் சொல்லுங்கோ என்று நான் பாய்ந்தபோது, அவர் காய்ச்சலோடு ஏதோ ஒரு கட்டடச் சாரத்தில் உட்கார்ந்திருந்தார். அழுவாதீங்க என்று எனக்குச் சொன்னார். என் பிள்ளைக்கு ஆக்ஸிஜனும் நெஞ்சுப் படமும் இருந்தன. அந்தக் கூடையை எழுதியவள் நான்.

"ஏன் தம்பி சொல்லேல்ல?"

"எதுக்குக்கா சொல்லணும்? அது வர்றதுதானே. பாப்பா, அந்தக் கருகின ஓரமா இன்னொரு துண்டு வையி."

நிலானி வைத்தாள். ஒன்றல்ல, ஐந்து. அவர் வேண்டாமென்று தட்டை இழுக்க, அவள் விடவில்லை. அவருடைய அறைக்காரர்கள் சிரித்தார்கள். மகள் நல்ல மூச்சோடு, நல்ல நிறத்தோடு என் முன்னால் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த முற்றத்தில் இருந்தது. ஆனாலும் தட்டிலிருந்த எலும்பை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

"நாளைக்கு என்ன வேலை?" என்று கேட்டேன்.

"நாளைக்கா? ஜிஐதான்க்கா. பார்க்கிங் ஸ்மோக் டக்ட்டுக்கு ஆங்கிள் வெல்டிங். நீங்க சைன் பண்ணின கார்டுதான்."

"பூச்சைச் சுரண்டிப்போட்டு வெல்டு பிடிச்சால் புகை வராதோ?"

"ரொம்பக் குறையும். அதுக்கு அரை நாளு கூட ஆகும். ஃபோர்மன் 'ஜல்தி, ஜல்தி'ம்பாரு. மூஞ்சிக்கு நல்ல மாஸ்க்கும் வேணும். அதெல்லாம் யாருக்கா குடுப்பா?"

நான் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த முற்றத்து நெரிசலிலேயே ஃபோர்மனை அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்னிடமிருந்து போன் என்றதும் அவர் பதறிவிட்டார். "க்யா ஹுவா, மேடம்? பேட்டி டீக் ஹை?"

"மகள் நல்லாயிருக்கிறாள், பாய்," என்றேன் எனக்குத் தெரிந்த ஹிந்தியில். "நாளைய ஸ்மோக் டக்ட் கார்டு கேன்சல். நான் வந்து புதுக் கார்டு தரும்வரை யாரும் வெல்டிங் தொட வேண்டாம்."

"மேடம், டைம் மாஃபி!" நேரம் இல்லையாம்.

"பூச்சைச் சுரண்டுகிற டைமையும் நல்ல மாஸ்க்கையும் கார்டிலேயே நான் எழுதித் தருகிறேன்," என்றேன்.

போனை வைத்தபோது செல்வராசு எலும்பைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க மொதல்ல சாப்பிடுங்க," என்றார். "ஆறிடப் போகுது."

உட்கார்ந்து சாப்பிட்டேன்.